யாருடைய குழாய்?

அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்று முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் எம் காதில் விழுந்த சொற்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. புற்றுநோய் முற்றிய பெண்ணொருத்திக்குச் சிறுநீர் இறங்குவதற்காக ஆசுபத்திரியில் உள்ளே குழாய் வைத்திருக்கிறார்களாம். "சாகப்போற சீவனுக்கு அரசாங்கத்தின்ரை காசிலை குழாய் என்னத்துக்கு? அந்தக் காசுக்குப் பத்துப் பிள்ளையளுக்கு மருந்து குடுக்கலாம்" என்றார் ஒருவர். அவர் கணிதம் படிப்பிப்பவர். "குழாய் வையாமல் விட்டால் அது கொலையல்லோ? கடைசி மூச்சுவரைக்கும் போராடத்தான் வேணும்" என்று சீறினார் மற்றவர். இருவரும் முற்போக்காளர் என்றே ஊரில் அறியப்படுபவர்கள். பஸ் வந்தது, விவாதம் பாதியில் நின்றது.

நாம் அன்று வாய் திறக்கவில்லை. திறவாமைக்குக் காரணம் ஒன்று உண்டு; அதனைப் பின்னர் கூறுவோம். ஆயின், அவ்விருவர் கூற்றும் பிழை என்பதே எமது துணிபு. ஒருவர் அந்தப் பெண்ணைச் செலவுக் கணக்காகக் கண்டார். மற்றவர் அவளைப் போர்க்களமாகக் கண்டார். அவளை ஒரு மனுஷியாகக் கண்டவர் அந்தத் தேநீர் மேசையில் ஒருவரும் இருக்கவில்லை, நாம் உட்பட.

இலக்கிய ஏட்டிற் சிறுநீரைப் பற்றி எழுதலாமா என முகஞ் சுளிப்போரும் இருப்பர். கண்ணீருக்கு இலக்கியத்தில் இடமுண்டு, சிறுநீருக்கு இல்லை என்பது பண்டிதர் மரபு. அந்த மரபை உடைத்தோம் என மார்தட்டும் நம்மவர் கதைகளிலும் புற்றுநோய் வந்துவிட்டாற் கதாநாயகி வெள்ளைத் தலையணையிற் சாய்ந்து, எல்லோரையும் மன்னித்து, அழகாகவே சாகிறாள். அவளுக்குச் சலம் அடைபடுவதில்லை, விக்கல் வருவதில்லை, விறாந்தையில் நின்று மகன்மார் பணக்கணக்குப் பார்ப்பதுமில்லை. யதார்த்தவாதம் பேசுவோர் இந்த யதார்த்தத்தையும் சற்றுப் பார்க்கட்டும்.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சிறுநீரகங்கள் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 25 சதமமீற்றர் நீளமான சிறுநீர்க்கான் ஒவ்வொன்று இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. இதனை விஞ்ஞான ஆசிரியர்கள் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைகின்றனர். ஆனால் பெண்ணுடலில் இக்கான்கள் கருப்பைக் கழுத்தின் இரு மருங்கிலும், அதிலிருந்து ஏறத்தாழ 2 சதமமீற்றர் தூரத்திலேயே செல்கின்றன என்பதைப் படத்திற் காட்டுவோர் அரிது. கருப்பைக் கழுத்திலே தோன்றும் புற்று பக்கவாட்டிற் பரவினால் முதலில் நெரிபடுவது இந்தக் கான்தான். சிறுநீர்ப்பை, முன்னிற்குஞ் சுரப்பி, பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுகளும், வயிற்றின் பின்புறத்து நிணநீர்க் கணுக்களிற் பரவும் புற்றுகளும் இதே வேலையைச் செய்யும். கான் நெரிபட்டால் மேலே தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தை வீங்கச் செய்கின்றது. இரண்டு பக்கமும் அடைபட்டால் யூரியா, கிரியற்றினின், பொற்றாசியம் யாவும் இரத்தத்தில் ஏறுகின்றன. சோர்வு, ஓங்காளம், அரிப்பு, விக்கல், மயக்கம் என நோயாளி படிப்படியாக இறங்குகிறாள். பொற்றாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடும்.

இதற்கு மருத்துவம் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, முதுகுப் புறமாகத் தோலைத் துளைத்துச் சிறுநீரகத்தினுள்ளே குழாயிட்டுச் சிறுநீரை வெளியே ஒரு பையில் விழச் செய்வது. 1955இல் அமெரிக்க வைத்தியர் குட்வினும் அவருடைய சகாக்களும் இதனை விவரித்தனர். மற்றையது, சிறுநீர்ப்பை வழியே மேலே ஏற்றிச் சிறுநீர்க்கானின் உள்ளேயே ஒரு மெல்லிய குழாயை வைத்துவிடுவது. 1967இல் சிம்ஸ்கைன்ட் என்பாரும் துணைவரும் சிலிக்கன் குழாயை இவ்வாறு வைத்துக் காட்டினர். வைத்த குழாய் நழுவிக் கீழிறங்கும் குறையை, இரு முனைகளையும் சுருளச் செய்து, 1978இல் ஃபினி தீர்த்தார். இன்று நமது வாட்டுகளில் 'டபிள் ஜே' என்றும் 'ஸ்ரென்ற்' என்றும் வழங்குவது இதுவே. 2 மில்லிமீற்றரளவு தடிப்பு. பன்றிவாலைப் போலச் சுருண்ட இரு முனைகள். ஒன்று சிறுநீரகத்திற் கிடக்கும், மற்றது சிறுநீர்ப்பையில். வெளியே எதுவும் தெரியாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

இனிக் கணித ஆசிரியரிடம் வருவோம். 'சாகப்போகிறவள்' என்று அவர் எந்த நூலைப் பார்த்துச் சொன்னார்? கருப்பைக் கழுத்துப் புற்று சிறுநீர்க்கானை அடைத்துச் சிறுநீரகத்தை வீங்கச் செய்யுமாயின் அது மூன்றாங் கட்டம். முற்றிய நோய் என்பது உண்மையே. ஆனால் முற்றிய நோயெல்லாம் முடிந்த நோயன்று. அக்கட்டத்திலும் குணப்படுத்தும் நோக்குடனேயே கதிர்ச் சிகிச்சை அளிக்கின்றனர். தப்பி வாழ்ந்தோர் பலர். கதிர்ச் சிகிச்சையோடு சிஸ்பிளாற்றின் என்னும் மருந்தையுஞ் சேர்த்தாற் பலன் மிகுதி என்பது 1999 முதல் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த மருந்தோ சிறுநீரகத்தைத் தாக்குவது. சிறுநீரகம் ஓரளவேனும் இயங்கினாலன்றி அதனை ஏற்றமுடியாது. ஆகவே அவளுக்கு அந்தக் குழாய் ஆடம்பரமன்று; சிகிச்சைக்குச் செல்லும் பாலம். பாலத்தை அகற்றிவிட்டு, 'அக்கரைக்கு அவள் போய்ச் சேரமாட்டாள், நாம் சொன்னோமே' என்பது என்ன நியாயம்? முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் மருந்து கேட்கக்கூடுமாயின் இதே நியாயம் பொருந்தும்.

வேறொன்றும் உண்டு. 'பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து' என்னும் இந்தக் கணக்கு எப்போதும் இலவச ஆசுபத்திரியின் கட்டிலடியிலேயே போடப்படுகின்றது. நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டி, தனியார் ஆசுபத்திரியிற் குளிரூட்டிய அறையில், மூன்று மாதத்துக்கொருமுறை குழாய் மாற்றும் வர்த்தகரின் கட்டிலடியில் எவரும் இக்கணக்கைப் போடுவதில்லை. அது 'அவருடைய காசு' என்பர். 2022இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்தபோது அரசாங்க ஆசுபத்திரிகளில் மருந்தும் உபகரணமும் தட்டுப்பட்டன, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்தக் கடன்களை வாங்கியவள் தோட்டத்திலே கொழுந்து கொய்தவளா? மூழ்கிய கணக்குக்குப் பொறுப்பில்லாதவள் தலையிற் குழாயின் விலையைக் கட்டுவது கணிதமன்று, வர்க்கப் புத்தி. எம் நண்பர் இதனைப் படித்துச் சினப்பாராயின் சினக்கட்டும்.

ஆனால் இவரை மறுத்துவிட்டதால் மற்றவர் வென்றுவிட்டார் என்று கொள்ளவேண்டாம். சொல்லப்போனால் எமக்கு அதிக வேதனை தருபவர் அவர்தான். ஏனெனில் அவர் பேசுவது நமது மொழி.

போராட்டம் என்னும் சொல்லை நாம் மதிப்பவர்கள். ஆயின், எவருடைய உடம்பில் எவர் போராடுவது? குழாய் வைத்துவிட்டால் உயிர் காக்கப்பட்டது என அவர் எண்ணுகிறார். குழாயின் தன்மையை அவர் அறியார். கல் அடைத்த கானுக்கும் புற்று நெரித்த கானுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஸ்ரென்ற் வைத்த கானிற் சிறுநீர் குழாயின் உட்புறமாக மட்டுமன்றி அதன் வெளிப்புறத்தை ஒட்டியும் இறங்குகின்றது. வெளியிலிருந்து புற்று இறுக்கினால் அந்த வெளிவழி மூடுகின்றது. உள்வழியோ இரத்தக்கட்டியாலும் படிவினாலும் அடைகின்றது. இத்தகைய நோயாளரிற் பத்துக்கு ஏறத்தாழ நால்வரிற் குழாய் தன் கடமையைச் செய்யத் தவறியது என்பதை 1989இலும் 2004இலும் வெளியான இரு அமெரிக்க ஆய்வுகள் காட்டின. தவறினால் மீண்டும் மேசை, மீண்டும் மயக்க மருந்து, அல்லது முதுகிலே துளை.

அடைபடாத குழாயும் சும்மா கிடப்பதில்லை. குழாய் வைத்தோரிற் பெரும்பாலோருக்கு நாளெல்லாம் சலம் முட்டுவது போன்ற உணர்ச்சி இருக்கும். இரவில் நாலு ஐந்து தடவை எழவேண்டும். கழிக்கும்போது விலா நோகும். அவ்வப்போது இரத்தம் போகும். தொற்று ஏற்பட்டு நடுக்கற் காய்ச்சல் வரும். மாற்றும் திகதியை மறந்துவிட்டாலோ குழாயைச் சுற்றிக் கல்லே வளர்ந்துவிடும். வீட்டிற் கழிப்பறை முற்றத்துக்கு அப்பால் இருக்கும் முதியவளுக்கு, இரவில் ஐந்து தடவை எழுதல் என்பதன் பொருளை 'கடைசி மூச்சுவரை' என முழங்குவோர் ஒருகணம் எண்ணிப்பார்க்கட்டும்.

இத்தனையும் எவ்வளவு காலத்துக்கு? 2008இல் ஜப்பானிய வைத்தியர் சிலர், புற்றினாற் சிறுநீர் அடைபட்டு, அதனை வெளியேற்ற வழி செய்யப்பட்ட 140 நோயாளரின் கணக்கை வெளியிட்டனர். அவர்களிற் பாதிப்பேர் வாழ்ந்தது 96 நாள்களுக்குக் குறைவாகவே. ஆனால் அந்த ஆய்வின் சிறப்பு இவ்வொரு தொகையில் இல்லை. நோய் உடம்பில் எவ்வளவு பரவியுள்ளது, இரத்தத்தில் அல்புமின் எவ்வளவு, சிறுநீரக வீக்கம் எந்த அளவு என்பவற்றைக் கொண்டு நோயாளரை மூன்று பிரிவாக வகுத்தனர். ஆறு மாதம் கடந்தும் உயிரோடிருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 69 பேர். இரண்டாவதில் 24 பேர். மூன்றாவதில் 2 பேர். ஒரே குழாய்! ஒருத்திக்கு அது ஓராண்டின் வாயில். இன்னொருத்திக்கு இருக்கும் சில வாரங்களையும் வாட்டிலே கழிக்கச் செய்யும் விலங்கு. 'எல்லோருக்கும் வை' என்பதும் 'ஒருவருக்கும் வையாதே' என்பதும் இத்தொகைகளின் முன்னே ஒருங்கே சரிந்துவிடுகின்றன.

ஒன்றைச் சேர்த்துக் கூறவேண்டும். சிகிச்சைகள் யாவும் முடிந்து, எலும்பிலும் நரம்பிலும் நோவு ஏறிய நிலையிலுள்ளவளுக்குச் சிறுநீரகம் மெல்ல ஓய்வது சாவுக்குச் செல்லும் வழிகளுள் ஒப்பளவில் அமைதியானது என அனுபவமுள்ள வைத்தியர் பலர் கூறுவர். நித்திரை கூடிக் கூடி நினைவு மங்கும். அவளை அந்நித்திரையிலிருந்து குழாய் கொண்டு எழுப்பி மீண்டும் நோவுக்கே ஒப்படைப்பதும் நேர்வதுண்டு. இதனை நாம் அழகுபடுத்தவில்லை; ஓங்காளமும் அரிப்பும் மூச்சுத்திணறலும் அந்த வழியிலும் வரும், அவற்றுக்கு மருந்து வேண்டும், அருகில் ஆள் வேண்டும். குழாய் வையாதுவிடுதல் என்பது கைவிடுதல் அன்று. அது வேறு வகை வைத்தியம். அந்த வைத்தியம் வீட்டுக்கு வராத ஊரிலோ, குழாய் வையாதுவிடுதல் கைவிடுதலாகவே முடிகின்றது. இதற்குப் பிறகு வருவோம்.

நாம் வாய் திறவாமைக்குக் காரணம் உண்டென்றோம். எம்மோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்த நண்பரின் மூத்த சகோதரி வடமராட்சிக் கிராமமொன்றில் இருந்தார். கணவரை இழந்தவர்; தம்பிமாரைப் படிப்பித்து ஆளாக்கியவர். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுத் தேறினார்; இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பியது. இரு பக்கமும் அடைபட்டது. ஒரு பக்கத்திற் குழாய் வைத்தார்கள். ஒரு சிறுநீரகம் ஓடினாலே ஒருவர் வாழப் போதும். அக்கா எழுந்து நடந்தார்.

அவரிடம் என்ன சொல்லப்பட்டது தெரியுமா? 'பழைய வருத்தம் முற்றாக மாறிவிட்டது. இது சிறுநீரகக் கல்லு.' சொன்னது வைத்தியரல்லர். வைத்தியர் சொல்ல முற்பட்டபோது எம் நண்பர் அவரை விறாந்தைக்கு அழைத்துச் சென்று கைகூப்பி வேண்டிக்கொண்டார். கனடாவிலிருந்த மகன்மார் இருவரும் தொலைபேசியில் அதையே வேண்டினர். குழாய் மாற்றுவதற்கான சம்மதப் படிவத்தில் அக்கா கல்லென நம்பியே கையொப்பமிட்டார். வீட்டிலே பார்லித் தண்ணி காய்ச்சிக் குடித்தார். வாழைத்தண்டுச் சாறு பிழிந்து குடித்தார். நாம் பார்க்கப் போனபோது, "கல்லுக் கரைஞ்சிட்டுதாமோ தம்பி?" என்று கேட்டார். "கரையுது அக்கா" என்றோம். மக்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்று மேடைதோறும் பேசிய நாம் அப்படித்தான் சொன்னோம்.

அவருடைய சீதன வீட்டைத் தம்மோடு கூட இருந்து பார்த்த இளைய மகளுக்கு எழுதிவைப்பதாக அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கல்லுக் கரைந்து உடம்பு தேறட்டும், பிறகு நொத்தாரிசிடம் போவோம் என்று ஒத்திவைத்தார். மூன்றாவது முறை குழாய் மாற்றப் போனபோது வாட்டில் இளம் வைத்தியர் ஒருவர் அட்டையை வாசித்துப் பக்கத்தில் நின்றவருக்கு விளக்கினார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என எண்ணியிருப்பார். அக்கா பழைய சீனியர் சோதனை சித்தியெய்தியவர். "இதை முதலே சொல்லியிருந்தால் நான் உறுதியை முடிச்சிருப்பனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, எம்மைத் திட்டவுமில்லை.

அந்தக் குழாய் இரண்டு வாரத்தில் அடைபட்டது. நொத்தாரிசு வீட்டுக்கு வந்த அன்று அக்காவுக்குத் திகதியும் தெரியவில்லை, வந்தவர் யாரென்றும் தெரியவில்லை. சுயநினைவில்லாதவரிடம் கையொப்பம் வாங்க இயலாது எனக் கூறி அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாயாற் சொன்னது சட்டத்திற் செல்லாது. சகோதரருக்கிடையே இப்போது வழக்கு நடக்கின்றது. குழாய்க்குக் கையொப்பம் இடுவித்தோம்; காணிக்கு இட நேரம் விட்டோமில்லை.

அந்தக் குழாய் தீங்கு என்று நாம் கூறவில்லை. அது அக்காவுக்கு ஒன்பது மாதங்களைத் தந்தது. ஒன்பது மாதம் என்பது ஒரு மனுஷிக்குச் சிறிய காலமன்று: உறுதி எழுதலாம், கோபித்துக்கொண்டு போன உறவை அழைத்துப் பேசலாம், அடுத்த குழாய் வேண்டாம் என்றுஞ் சொல்லலாம். மருத்துவம் கொடுத்த காலத்தை நாம் சொன்ன பொய் தின்றுவிட்டது. அன்பினாற் சொன்ன பொய் என்பர். அன்பு என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு எத்தகையது? அடிமைக்கு எஜமான் காட்டுவதும், குடியானவனுக்கு நிலப்பிரபு காட்டுவதும் அன்பென்றே சொல்லப்பட்டது. 'அவளுக்கு ஏன் தெரியவேண்டும், நாமிருக்கிறோமே' என்னும் வாக்கியம் நமது வீடுகளில் இன்னும் வாழும் நிலமானியத்தின் குரல். அதிலும் இக்குரல் தந்தைமாரின் கட்டிலடியிற் சற்றுத் தயங்குகின்றது. தாய்மாரின் கட்டிலடியில் தயங்குவதேயில்லை. ஆண்கள் காணிக்காரர், அவர்களுக்கு 'ஒழுங்குபடுத்தவேண்டிய அலுவல்கள்' உண்டென எல்லோரும் ஒப்புவர். பெண்ணுக்கு அலுவல் ஏது?

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் கிளினிக்கில் ஒவ்வொருவரோடும் அரைமணி இருந்து பேச இயலாது என்பதை நாம் அறிவோம். ஆயின், குழாய் வைக்க அரைமணி கிடைக்கின்றது. அதனை ஏன் வைக்கிறோம் என்று கூறப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. கைவேலைக்கு நேரம் ஒதுக்கிப் பேச்சுக்கு ஒதுக்காத ஏற்பாடு இயற்கையானதன்று, யாரோ வகுத்தது. உறவினரின் கைகூப்பலுக்கு இணங்குவது வைத்தியருக்கும் வசதியே. அழும் நோயாளியை எதிர்கொள்ளும் சிரமம் இல்லாமற் போகின்றது.

1967இற் சிம்ஸ்கைன்டின் குழாய் வெளிவந்தது என்றோம். அதே 1967இல் லண்டனிற் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். தீராத நோயாளரின் நோவைத் தணித்து, உண்மை பேசி, இறுதிநாள்களையும் வாழ்நாள்களாக்கும் வைத்தியம் நவீன வடிவம் பெற்றது அங்கேதான். இரண்டும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். குழாய் நம் நாட்டின் பெரிய ஆசுபத்திரிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. மற்றைய பிள்ளை இன்னும் வழியிலேயே நிற்கின்றது. குழாயை விற்கக் கம்பனி உண்டு. கட்டிலடியில் இருந்து பேசுவதை விற்க எந்தக் கம்பனியும் இல்லை என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

அது பணக்கார நாட்டுச் சரக்கு என்போர் கடல் கடந்து கேரளத்தைப் பார்க்கட்டும். 1993இற் கோழிக்கோட்டில் ஒரு சில வைத்தியர் தொடங்கிய நோவுதணிப்பு வேலை, ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்து, தாதிமார் வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் மக்கள் இயக்கமாயிற்று. 2008இல் அம்மாநில அரசே அதனைக் கொள்கையாக ஏற்றது. மோர்பின் மலிவான மருந்து. தாதி வருவதற்குத் தேவை ஒரு மோட்டார் சைக்கிளும் ஒழுங்கான சம்பளமும். குழாய் வேண்டாமென்று சொல்லும் உரிமை, வேண்டாமென்ற பின்னும் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற உறுதியுள்ள இடத்திலேயே உரிமையாகும்.

இத்தோடு நிறுத்தினால் நாமும் நோயின் வாலையே பிடித்தவராவோம். அக்கா ஏன் அவ்வளவு பிந்தி வந்தார்? கருப்பைக் கழுத்துப் புற்று ஒரு வைரசுத் தொற்றினால் விளைவது என்பதைக் காட்டியதற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நொபெல் பரிசு பெற்றார். தொற்று புற்றாக முதிரப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் செல்லும். இருபது ஆண்டு அவகாசம் தந்து வரும் எதிரி வேறெங்குண்டு? 1996 முதல் நம் நாட்டிற் பெண்களுக்கென நலக் கிளினிக்குகள் இயங்குகின்றன. 35 வயதானோரை அழைத்துப் பப் பரிசோதனை செய்வது அவற்றின் முதன்மையான கடமை. 2017 முதல் ஆறாந் தரத்து மாணவிகளுக்கு வைரசுத் தடுப்பூசி இலவசமாக ஏற்றப்படுகின்றது. 2020இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்குள் நூற்றுக்கு 90 சிறுமியருக்குத் தடுப்பூசி, நூற்றுக்கு 70 பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டோரில் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சை என 2030ஐ எல்லையாக வகுத்தது. எல்லாம் ஏட்டில் உண்டு.

ஆனால் கிளினிக் நாளிற் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஏடு என்ன செய்யும்? 'அந்த இடத்திலே' எனக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமாதுவைப் படலையிலேயே திருப்பி அனுப்பும் பெண்ணுக்கு அந்த நாணத்தைக் கற்பித்தவர் யார்? நாம்தான். இனப்பெருக்கத் தொகுதிப் பாடத்தை 'வீட்டிலே வாசியுங்கோ' என்று சொல்லித் தாண்டிப்போகும் ஆசிரியர் எத்தனை பேர்! பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி என்று கேட்கும் தாயிடம் விடை சொல்லத் தெரியாமல் 'மேலிடத்துக் கட்டளை' என்று கூறித் தப்பிக்கொள்ளும் வகுப்பாசிரியர் எத்தனை பேர்! 2017இல் ஊசி பெற்ற சிறுமியர் இன்னும் இருபது வயதை எட்டிக்கொண்டிருப்போரே. அவர்களுடைய தாய்மாருக்கும், பாடசாலைகளிற் படிப்பிக்கும் பெண் ஆசிரியைகளுக்கும் அந்தக் காப்பு இல்லை. அவர்களுக்குப் பரிசோதனை ஒன்றே வழி. ஆசிரியைகளுள் எத்தனை பேர் 35 வயதிற் போனார்கள் என்று சங்கக் கூட்டமொன்றிற் கேட்டுப் பார்க்கலாம். சம்பள உயர்வுக்குக் குரல் கொடுக்கும் சங்கங்கள், தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் பாடசாலையிலும் பரிசோதனை நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்கக் கேட்டால் என்ன? அந்தக் கோரிக்கையை எழுத எம்மோடு சேர விரும்புவோர் எழுதலாம்.

கணித ஆசிரியர் அண்மையில் எம்மைச் சந்தித்தபோது, கட்டுரை எழுதப்போகிறோம் என்றறிந்து, "அப்ப வைக்கிறதா, விடுறதா? ஒண்டைச் சொல்லுங்கோவன்" என்றார். அவருடைய தாயார் அதே வாட்டில் இருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தோம். தேநீர் மேசையில் அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. மேலே அவரைப் பற்றி எழுதியதை அழிக்கவில்லை, அவரும் அழிக்கச் சொல்லவில்லை. நாம் அவருக்கு ஒரு கடுதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தவை இவை: இது எந்தக் கட்டம், இனிச் செய்யத்தக்க சிகிச்சை ஏதும் உண்டா? குழாய் அதற்குப் பாலமா, அன்றி வெறும் காலநீட்டமா? நீளுமாயின் அந்த நாள்களை வீட்டிற் கழிக்கலாமா, வாட்டிலா? வையாதுவிட்டால் ஓங்காளத்துக்கும் நோவுக்கும் மருந்து யார் தருவார், வீட்டுக்கு யார் வருவார்? வைத்தால் மாற்றும் திகதி எது, அதை அட்டையில் எழுதித் தருவீர்களா?

அவர் வாசித்துவிட்டு, "இதை டொக்டரிட்டைக் கேக்கிறன்" என்றார்.

"அம்மாவையும் பக்கத்திலை இருத்திக்கொண்டு கேளுங்கோ மாஸ்ரர்" என்றோம்.

அவர் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.